பட்டிமேடு

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். திங்கட்கிழமை காலை, லாரியை விட்டு இறங்கியதும் சூப்பர்வைசர் பரசுராமன் கையை நீட்டி, "அம்புரோஸ், அந்த மேட்டை வெள்ளிக்குள்ள தட்டிடணும்" என்றார்.

மணலிக்கு வடக்கே, கொசத்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கம், பதினோரு வீடுகள் கொண்ட சின்னேரிப்பாக்கம் என்ற ஊர் இருந்தது. அதைச் சுற்றியிருந்த நெல் வயல்களையும் வேர்க்கடலைக் கொல்லைகளையும் ஒரு தொழிற்சாலைக்காக எடுத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அம்புரோஸ் அங்கே புல்டோசர் ஓட்டி வரப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தான். வடகோடியில் அந்த மேடு மட்டும் பாக்கி.

மேடு என்றால் குன்று இல்லை. வட்டமாக ஒரு மண்கரை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. கரையை ஒட்டி வெளிப்பக்கம் பாதி தூர்ந்துபோன ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியது. கிழக்கே மட்டும் ஒரு மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு வாய். உள்ளே நாற்பது தப்படி அகலத்துக்குப் புல்தரை. ஊரார் அதைப் பட்டிமேடு என்றார்கள். நவாபு காலத்துக் குதிரை லாயம் என்றார் ஒருவர். இன்னொருவர் டச்சுக்காரன் பீரங்கி வைத்த இடம் என்றார். உண்மையில் யாருக்கும் தெரியாது. எத்தனையோ தலைமுறையாகச் சுற்றிலும் உழுதார்கள், விதைத்தார்கள். கரையருகே வந்ததும் ஏர் வளைந்து திரும்பிவிடும்.

அம்புரோஸ் ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு தகராறில் வேலையை விட்டுப் பத்து மாதம் சும்மா இருந்தான். சும்மா இருப்பது அவன் உடம்புக்கு ஆகாது. உட்கார்ந்தால் கால் ஆடும். பூசையில்கூட அவன் கால் ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சு முழுவதும் அதிரும். புல்டோசர் வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் நிம்மதி. அதனால் எதைத் தட்டச் சொன்னாலும் அவன் கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்கு அவன் மிஷினைக் கிழக்கு வாய்க்கு ஓட்டிப் போனபோது, அங்கே கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த கடலைக்கொல்லை அவளுடையதாக இருந்தது. ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. அவளுக்குப் பின்னால் புல்தரையில் ஏழெட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"நெலத்த எடுத்துக்கினீங்கோ. சரி, கைநாட்டு வச்சிட்டேன்" என்றாள். "இத்த மட்டும் தை மாசம் வரைக்கும் வுட்டுடு நைனா. மய வந்தா மாடு எங்க நிக்கும்?"

பின்னால் நடந்து வந்த பரசுராமன் பொறுமையாகவே பேசினார். "பெரிய கால்வாய் வெட்டப் போறாங்கம்மா. இனிமே இங்க தண்ணி நிக்காது."

"எப்ப வெட்டுவாங்கோ?"

"அடுத்த வருஷம்."

"தண்ணி இந்த வருசமே வருமே."

பரசுராமன் வாட்சைப் பார்த்தார். அவள் நகரவில்லை. அன்று முழுவதும் அம்புரோஸ் வேறு இடத்தில் மண் தள்ளினான். மறுநாளும் அப்படியே போயிற்று.

செவ்வாய் மாலை வீட்டில் சாப்பிடும்போது மனைவி எல்சியிடம் இதைச் சொன்னான். எல்சி பக்கத்துத் தெரு கன்னியர் மடத்தில் சமையல் செய்கிறவள். அவள் கேட்ட எதுவும் அவளோடு நிற்காது. புதன் காலை ஆறரை மணிக்கு, திருவொற்றியூர் தேரடியில் கான்ட்ராக்டர் லாரி ஆள் ஏற்றும் இடத்துக்கு அம்புரோஸ் போனபோது, அங்கே ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி கறுப்புக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மதர் கொலம்பா. மடத்துப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர்.

"மதர், நீங்க எங்க இங்க?"

"உன் லாரில தான் வரப்போறேன். எல்சி சொன்னா. வட்டமா ஒரு மேடு கீதாமே?"

அயர்லாந்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தமிழை அவர் மடத்துச் சமையலறையில் கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேச்சு ராயபுரம் மீன்கார அம்மாக்கள் பேச்சு மாதிரியே இருக்கும். லாரி டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தான்.

பட்டிமேட்டைப் பார்த்ததும் மதர் லாரி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். யாரிடமும் பேசாமல் கரைமேல் ஏறி, வாய்விட்டுத் தப்படி எண்ணிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நெருஞ்சி முள் அங்கியில் ஒட்டியது. இறங்கி வெளிப்பள்ளத்தில் ஒரு சுற்று. அப்புறம் உள்ளே போய் நடுவில் நின்றார். நின்றார் என்று சொல்லக்கூடாது. இங்கே இரண்டு எட்டு, அங்கே இரண்டு எட்டு என்று அலைந்துகொண்டே இருந்தார். பரசுராமன் பதறிப்போய் ஷெட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அதில் அவர் உட்காரவில்லை.

"யாரு இந்தம்மா? கவர்மென்டா?" என்று கெங்கம்மா அம்புரோஸிடம் கேட்டாள்.

அதற்கு மதரே பதில் சொன்னார். "இல்ல, நானும் கொல்லைக்காரன் வூட்டுப் பொண்ணுதான். எங்க ஊருல, எங்க அப்பா நெலத்துல, இதே மாதிரி ஒன்னு இருந்துச்சு. இதே அளவு. நாங்க 'ராத்'துன்னு சொல்வோம். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒரு குடும்பம் உள்ளே வூடு கட்டிகினு இருந்தாங்களாம். சாயங்காலம் மாட்டையெல்லாம் உள்ளே ஓட்டிகினு வந்து வாயை அடைச்சுடுவாங்க. ஓநாய் வரும். மாடு திருடறவன் வருவான்."

"அப்ப நம்ம மாதிரி ஜனந்தான்" என்றாள் கெங்கம்மா.

"ஆமா. அக்கம்பக்கத்துக்காரங்க, உள்ளே மோகினி பிசாசு மாதிரி குட்டி ஜனங்க இருக்காங்க, தொட்டா சும்மா வுடமாட்டாங்கன்னு பயப்படுவாங்க. எங்க அப்பாவுக்கு பயம் இல்ல. ஆனா அவரும் தொடல. சுத்தித்தான் உழுவார்."

"இப்பவும் கீதா?"

மதர் குடையைத் தரையில் குத்திக் குத்தி எடுத்தார். "போன வருசம் என் தம்பி மிஷின் வச்சு தட்டிட்டான். ஒரே காலைல முடிஞ்சுபோச்சுன்னு எழுதினான். உள்ளே இன்னா இருந்துச்சுன்னு நான் கேட்டு எழுதினேன். பாக்கலன்னு பதில் போட்டான். அதுலேர்ந்து அவனுக்கு வூட்டுல இருப்பு கொள்ளலையாம். பொழுதன்னிக்கும் வேலிய சுத்தி சுத்தி நடக்குறானாம்."

அம்புரோஸ் கொஞ்சம் தள்ளி மிஷின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். 'இதை இடிக்காதே அம்புரோஸ்' என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தான். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தான்: பத்து மாதம் சும்மா இருந்தேனே, அப்போது மடத்திலிருந்து யாராவது வேலை வாங்கிக் கொடுத்தார்களா?

மதர் மிஷினருகே வந்து அண்ணாந்து பார்த்தார். "இடிக்காதேன்னு சொல்ல நான் வரல. உன் வேலை அது. வெட்டறப்போ இறங்கி பாரு. உள்ளே இன்னா கீதுன்னு பாத்து எனக்கு சொல்லு. அவ்ளோதான்."

தயாராக வைத்திருந்த பதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது அவனுக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது.

வெள்ளிக்கிழமை காலை கெங்கம்மா வழக்கம்போலக் கிழக்கு வாயில் உட்கார்ந்திருந்தாள். பரசுராமனுக்கு மேலிடத்திலிருந்து திட்டு வந்திருந்தது. "அந்தம்மா அந்தப் பக்கம் உக்காரட்டும். நீ மேற்கால ஆரம்பி" என்றார்.

அம்புரோஸ் மேற்கே போய் பிளேடை இறக்கினான். மண் எளிதில் வரவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் அவன் தள்ளிய செம்மண் எல்லாம் பொலபொலவென்று வந்தது. இது மிஷினையே பின்னுக்குத் தள்ளியது. நாலாவது முறை ஒரு பெரிய கட்டி பெயர்ந்து உள்பக்கம் உருண்டது. அவன் என்ஜினை ஓடவிட்டே இறங்கினான். பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணி இறங்கவில்லை, கால்தான் இறங்கியது.

வெட்டுப்பட்ட கரை அடுக்கடுக்காக இருந்தது. அரைச் சாண் கனத்துக்குக் கறுநீலக் களிமண். அதன்மேல் விரல் கனத்துக்கு இடித்த கிளிஞ்சல். மறுபடி களிமண், மறுபடி கிளிஞ்சல். அவன் விரல் வைத்து எண்ணினான். பதினாலு அடுக்கு. அந்தக் களிமண் கொல்லையில் கிடையாது. அரை மைல் தள்ளி ஆற்றில்தான் கிடைக்கும். கிளிஞ்சல் அதைவிடத் தூரம், எண்ணூர்க் கழிமுகத்தில். யாரோ கூடைகூடையாகச் சுமந்து வந்து போட்டு மிதித்திருக்கிறார்கள். ஒரே தடவையில் அல்ல. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு, கரைந்த இடத்தைச் சரிபார்த்து, ஒரு அடுக்கு ஏற்றியிருக்கிறார்கள். துறைமுகத்தில் கடலுக்கு எதிராகக் கரை கட்டுவதைப் பார்த்தவன் அவன். ஆற்றைப் பார்த்த இந்தப் பக்கம் மட்டும் கரை ஏன் ஒரு முழம் உயரமாக இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

பரசுராமனிடம் போனான். "சார், இது சும்மா மேடு இல்ல. தண்ணிக்குக் கட்டின கரை சார்."

"இருக்கட்டும்யா. அதுக்கு?"

"மேற்கால வெட்டியிருக்கோம். ஆத்துப் பக்கம்."

"எல்லாத்தையும்தான வெட்டப் போறோம்? போ, போய் வேலையைப் பாரு."

போனான். மதியத்துக்குள் கரையில் பன்னிரண்டு அடிக்கு ஒரு திறப்பு விழுந்தது. அதற்குமேல் வெட்ட முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது, மிஷினின் இரும்புச் செயின் சேற்றில் வழுக்கியது. மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று பரசுராமன் ஆட்களை லாரியில் ஏறச் சொன்னார். மிஷினுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்புரோஸிடம் கெங்கம்மா வந்தாள். திறப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஆத்துப் பக்கமாவா வெட்டின?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மழை விடவே இல்லை. ராயபுரத்தில் கட்டுமரங்களைத் தெருவரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். அம்புரோஸ் கடற்கரைக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். வீட்டுக்குள் கதவிலிருந்து அடுப்புவரைக்கும் நடந்தான்.

"இன்னாத்துக்கு குறுக்கியும் நெடுக்கியும் நடந்துகினு கீற? தல சுத்துது எனுக்கு" என்றாள் எல்சி.

அவன் சொன்னான். கிளிஞ்சல் அடுக்கைப் பற்றி, திறப்பைப் பற்றி, கெங்கம்மா கேட்டதைப் பற்றி.

"நீயாவா வெட்டின? அவங்க சொன்னாங்கோ, வெட்டின."

"நெம்புகோல் என் கைல தான இருந்துச்சு?"

எல்சி சோறு போட்டு வைத்தாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் சாமியார் பிரசங்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்குள் அம்புரோஸ் எழுந்து நடந்தான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தாள்.

"எங்க போற?"

"ஒரு நட போயி பாத்துட்டு வந்துடறேன்."

"இந்த மயையிலயா? பஸ்ஸே ஓடல."

"ஓடற வரைக்கும் போறேன்."

திருவொற்றியூர்வரைக்கும் பஸ் ஓடியது. அங்கிருந்து ஒரு உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு மணலி. அப்புறம் நடை. முதலில் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால். வரப்பே இல்லாத வெளி. அவனே தட்டிச் சமமாக்கிய வெளி. தண்ணீருக்கு நிற்க ஒரு இடமும் இல்லை. செம்மண் நிறத்தில் அது கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். ஊரார் மாடு, ஆடு, கோழி, பாத்திரம், பிள்ளைகள் எல்லாவற்றோடும் பட்டிமேட்டுக்குள் வந்துவிட்டிருந்தார்கள். கிழக்கு வாயைப் பனங்கட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்தாகிவிட்டது. அது ஒவ்வொரு வருஷமும் செய்கிற வேலை. மேற்குத் திறப்பில்தான் ஆண்களும் பெண்களுமாகப் பதினைந்து பேர் கூடையில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டக் கொட்டத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. இடுப்பளவு தண்ணீரில் கெங்கம்மா நின்றிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டியா? மிஷின எடு" என்றாள்.

வாட்ச்மேன் அப்பாவு குறுக்கே வந்தான். "அம்புரோசு, ஆர்டர் இல்லாம எடுத்தா என் வேலையும் பூடும்."

"நீ பாக்கல. டீ குடிக்க போய்ட்ட."

"இந்த வெள்ளத்துல டீயா?" என்றான் அப்பாவு. பிறகு அவனே போய்த் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தான்.

மூன்றாவது முயற்சியில் என்ஜின் பிடித்தது. அம்புரோஸ் எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டுத் திறப்பு வழியாக உள்ளே ஏறி, திரும்பி, வெள்ளியன்று தான் உள்ளே தள்ளிய மண்ணையெல்லாம் திரும்பத் திறப்புக்குத் தள்ளினான். ஊறிய மண். அது நிற்கவில்லை, கூழாகக் கரைந்து ஓடியது. மறுபடி தள்ளினான். மறுபடி. நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் வெளியே தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது. உள்ளே பிள்ளைகளைத் தோளில் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு எருமைக்கன்று கால் வழுக்கி, திறப்பருகே சுழலில் சிக்கி வெளியே போயிற்று. யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை.

அம்புரோஸ் அதைப் பார்த்தான். அப்பாவுவைப் பார்த்து, "தள்ளிப் போ" என்று கத்தினான். மிஷினைக் கோணலாகத் திருப்பித் திறப்புக்குள் செலுத்தினான். பிளேடு ஒரு பக்கக் கரையில் குத்தி இறங்கியது. பின்பக்கம் அடுத்த கரையில் உராய்ந்து மாட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். தண்ணீர் என்ஜினில் ஏறியது. வண்டி குலுங்கி, புகையாகக் கக்கி நின்றது. அவன் குதித்தான்.

"அடைங்க! இப்ப அடைங்க!"

குடிசைக் கூரையிலிருந்து பிய்த்து வந்த கீற்று, கதவுப் பலகை, மண் நிரப்பிய கோணி, புடவை, கட்டில், எல்லாம் மிஷினின் இடுக்குகளில் போயின. உள்ளேயிருந்து களிமண்ணைத் தோண்டித் தோண்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் தண்ணீர் மிஷினின் சீட்டுவரை ஏறியது. இடுக்கு வழியாகக் கசிந்தது. அதற்குமேல் உள்ளே வரவில்லை.

இரண்டு நாள் உள்ளே இருந்தார்கள். ஐம்பத்துமூன்று பேர், நாற்பது மாடு, எண்ணாத ஆடு. உள்ளே பெய்த மழைத் தண்ணீரைத் தகர டின்னிலும் அண்டாவிலும் மொண்டு கரைக்கு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அம்புரோஸுக்கு வேலை இருந்தது. மொண்டான், கசிவை மிதித்தான், கரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஊரில் பதினோரு வீடும் போனதைக் கரைமேலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். ஒவ்வொரு கூரையாக மிதந்து போனது.

திங்கள் மத்தியானம் கெங்கம்மா ஒரு கை நனைந்த கடலை கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தாள். "வெள்ளிக்கெயம உன் மண்டைல கல்ல போடலாம்னு இருந்தேன்" என்றாள்.

"போட்டிருக்கலாம்."

"போட்டிருந்தா நேத்து மிஷின யாரு ஓட்டறது?" என்று கேட்டுவிட்டு அவள் தனக்கும் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிய ஆரம்பித்தபோது, எண்ணூர் மீனவர் படகு ஒன்றில் ரொட்டி மூட்டைகளோடு பரசுராமன் வந்தார். தெற்கே ஒரு குப்பத்தில் நாலு பேரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று சொன்னார். பிறகு மிஷினைப் பார்த்தார். மூக்கு மண்ணுக்குள், உடம்பெல்லாம் கீற்றும் கோணியும் சேறுமாக அது நின்றது.

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"நான் எழுதித்தான் ஆகணும் அம்புரோஸ்."

"எழுதுங்க சார்."

"உள்ள எத்தினி பேர் இருந்தாங்க?"

"அம்பத்திமூணு. என்னோட சேத்து அம்பத்திநாலு."

பரசுராமன் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து அந்த எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டார். அம்புரோஸுக்கு அந்த வாரமே வேலை போயிற்று. வாட்ச்மேன் அப்பாவுவுக்குப் போகவில்லை. அவன் ஷெட்டில் இல்லை, வெள்ளத்தில் சிக்கிக்கொண்டிருந்தான் என்று பரசுராமன் எழுதியிருந்தார்.

மடத்துப் பின்வாசலில் மதர் கொலம்பா அவனைப் பிடித்துக்கொண்டார். வெள்ளம் பற்றி எல்சி சொல்லிக் கேட்டிருந்தார். இருந்தாலும் முதல் கேள்வி அதுதான்: "பாத்தியா? உள்ளே இன்னா இருந்துச்சு?"

அவன் கையாலேயே அடுக்கிக் காட்டினான். இவ்வளவு களிமண், இவ்வளவு கிளிஞ்சல், மறுபடி களிமண், பதினாலு தடவை. மதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த அடுக்கிலாவது சாம்பல் இருந்ததா, எலும்பு இருந்ததா என்று கேட்டார். ஒரு அடுக்கில் உடைந்த பானை ஓடு இருந்தது என்றான். அந்த அடுக்கு மேலிருந்து எத்தனையாவது என்று கேட்டார். ஆறாவது என்றான். அவர் அன்றைக்கே தன் தம்பிக்கு எட்டுப் பக்கம் எழுதினார்.

பதில் மாசி மாதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரே எல்சி வீட்டுக்கு வந்து, நின்றபடியே தமிழில் சொன்னார். "கரை இருந்த இடத்துல என் தம்பி போன கோடையில கோதுமை மாதிரி ஒரு தானியம் போட்டானாம். எல்லா எடத்துலயும் முட்டி உயரம். அந்த வெளிப்பள்ளம் இருந்த வட்டத்துல மட்டும் இடுப்பு உயரம், நல்ல பச்சையா. தூரத்து குன்னு மேலேர்ந்து பாத்தா முழு வட்டமும் தெரிஞ்சுதாம். தட்டினாலும் போகலக்கா, அங்கதான் கீதுன்னு எழுதியிருக்கான்." அக்கா என்ற சொல்லை அவர் சேர்த்துக்கொண்டாரா, தம்பி நிஜமாகவே அப்படி ஏதாவது எழுதியிருந்தானா, எல்சிக்குத் தெரியவில்லை. அவர் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

தொழிற்சாலைக்காரர்கள் வெள்ளம் நின்ற உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, தெற்கே மேடான நிலத்துக்குப் போய்விட்டார்கள். சின்னேரிப்பாக்கத்து நிலங்கள் காகிதத்தில் சர்க்காருடையதாகவே இருந்தன. ஊரார் மறுபடி வரப்புக் கட்டி விதைத்தார்கள். யாரும் வந்து தடுக்கவில்லை. மிஷினை இரண்டு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அம்புரோஸ் துறைமுகத்தில் தினக்கூலிக்குச் சரக்குத் தூக்கும் வின்ச் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். பழைய தகராறை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, அவன்தான் வைத்திருந்தான்.

சித்திரையில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் வாசலில் கெங்கம்மாவைப் பார்த்தான். ராயபுரத்துக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை. 'டோசர் அம்புரோசு வூடு எது' என்று கேட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறாள். கால் புழுதியாக இருந்தது.

"மறுபடியும் அளக்க வந்தாங்கோ" என்றாள் மூச்சு வாங்க. "கரைமேல கல்லு நட்டுட்டு பூட்டாங்கோ. கேட்டா பொறம்போக்கு மேடு, மண்ணு எடுக்கப் போறோம்னு சொல்றாங்கோ. ரோட்டுக்கு மண்ணு வோணுமாம். தாசில்தார் இன்னிக்கு பத்து மணிக்கு ஆபீசுல இருப்பாராம். நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ வா."

"நான் சொன்னா மட்டும் கேப்பாரா? நான் யாரு அங்க?"

"உள்ள பாத்தவன் நீதான். வேற யாரு பாத்தாங்கோ?"

அம்புரோஸ் எல்சியைப் பார்த்தான். எல்சி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு வின்ச்ச வேற ஆளு இழுக்கட்டும். நானும் வர்றேன். நீ நடுவுல எய்ந்து ஓடிடுவ" என்றாள்.

மூவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஆபீசில் பதினொன்றரைவரைக்கும் காத்திருந்தார்கள். எல்சி அவன் முழங்கால்மேல் கையை அழுத்தி வைத்திருந்தாள். பெஞ்சு அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கூப்பிட்டதும் அவன் உள்ளே போய், வாய்க்கு வந்தபடி ஆரம்பித்துவிட்டான். களிமண், கிளிஞ்சல், பதினாலு அடுக்கு, மேற்குப் பக்கம் ஒரு முழம் உயரம், ஐம்பத்துமூன்று பேர். தாசில்தார் இளவயதுக்காரர். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ எப்படிப் பார்த்தே?"

"நான்தான் சார் வெட்டினேன்."

"வெட்டினவனே வந்து காப்பாத்தச் சொல்றியா?"

"ஆமா சார்."

தாசில்தார் கெங்கம்மாவிடம் திரும்பினார். "இதை வருஷா வருஷம் யார் மராமத்து பண்றது?"

"நாங்கதான். மேற்கால ஒடஞ்சத மாசில அடைச்சு, மேல ஒரு அடுக்கு போட்டோம். பதினஞ்சாவது அடுக்கு" என்றாள் கெங்கம்மா. அம்புரோஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அது அவனுக்குத் தெரியாது.

குமாஸ்தா ஒரு பெரிய ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். மேடு, புறம்போக்கு என்று இருந்த இடத்தில் தாசில்தார் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: பட்டிமேடு, வெள்ளக்கரை, மண் எடுக்கக் கூடாது, பராமரிப்பு ஊரார் பொறுப்பு. "நான் இருக்கிற வரைக்கும் இது நிக்கும். அப்புறம் வர்றவர் எப்படியோ" என்றார்.

"அப்புறம் வர்றவரு கைல நாங்க பேசிக்கிறோம்" என்றாள் கெங்கம்மா.

வெளியே வெயில் சுட்டது. பஸ் நிலையம்வரைக்கும் அம்புரோஸ் இவர்கள் இரண்டு பேருக்கும் பத்தடி முன்னால் நடந்தான், நின்றான், திரும்பிப் பார்த்து மறுபடி நடந்தான்.

"இன்னா இவன், நெருப்ப மிதிச்சவன் கணக்கா போறான்?" என்று கெங்கம்மா எல்சியிடம் கேட்டாள்.

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இப்டித்தான்" என்றாள் எல்சி.

"நான் காத்தால நாலு மணிக்கு வூட்ட வுட்டது. பச்சத்தண்ணி பல்லுல படல. அவன கூப்புடு. எங்கனா இட்லி துன்னுட்டுப் போலாம்."

எல்சி வாயில் கை குவித்துக் கூப்பிட்டாள்.